நேரில் பார்த்தவரின் தீர்ப்பு

அந்த மெரூன் நிறப் பட்டுப்புடவை இன்றும் என் கண்ணை விட்டுப் போகவில்லை. அதைக் கட்டிக்கொண்டு வேலூரில் நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்ற அக்கா என் கட்சிக்காரர். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. கணவர் பிரிந்து போனபோது நான்கு வயதுப் பெண் குழந்தையையும் அரக்கோணத்தில் தன் தாய் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். குழந்தையை மீட்கத்தான் வழக்கு. பிள்ளையைப் பார்த்து ஒரு வருடமாகியிருந்தது.

“இன்னா மேடம், கல்யாணப் பொண்ணு கணக்கா கீறேனா? ஜட்ஜம்மா முன்னாடி கம்பெனிக்காரி மாதிரி போய் நிக்க முடியுமா?” என்று சிரித்தார். புடவை பக்கத்து வீட்டு பீபியம்மாவுடையது. அத்தரும் அவரே தடவி அனுப்பியிருந்தார். எங்கள் பக்கத்துப் பெண்கள் கோர்ட்டுக்கு இருப்பதிலேயே நல்லதைக் கட்டிக்கொண்டுதான் வருவார்கள். அது மரியாதை.

நீதிபதி தம் அறையில் குழந்தையை நடுவில் நிறுத்தி, “அம்மாகிட்ட போறியா கண்ணு?” என்றார். அக்கா கைகளை நீட்டினார். குழந்தை புடவையைப் பார்த்தது, தலையிலிருந்த பூவைப் பார்த்தது. பிறகு பின்வாங்கி, அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டது.

வெளியே வந்து அழுதபோதுதான் அக்கா சொன்னார். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த அம்மா, சாயங்காலம் கம்பெனி வேனிலிருந்து நீலக் கோட்டும் ஷூ பசை வாடையுமாக இறங்குகிறவள். ஹாரன் கேட்டதும் ஓடிவந்து அந்தக் கோட்டில் முகம் புதைக்குமாம். “அத்தர் வாசனைல என்னைத் தெரியல மேடம் அதுக்கு.”

குழந்தை அப்பாவிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. ‘தாயிடம் குழந்தை தானாகச் செல்லவில்லை’ என்று அதில் ஒரு வரி இருந்தது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அந்த வரியைத்தான் பிடித்துக்கொண்டது. குழந்தையை நேரில் பார்த்தவர் விசாரணை நீதிபதி. அவருடைய விருப்புரிமையில், முற்றிலும் முறைகேடாக இல்லாதவரை, நாங்கள் தலையிட மாட்டோம் என்றது. பசை வாடையைப் பற்றி நான் சொன்னதெல்லாம் சாட்சியத்தில் இல்லாத சங்கதி.

அந்த விதி தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. முகத்தைப் பார்த்தவருக்குத் தெரிவது காகிதத்தைப் படிப்பவருக்குத் தெரியாதுதான். வேறொரு வழக்கில் இதே விதியைச் சொல்லி ஒரு தாய்க்குக் கிடைத்த உத்தரவை நானே காப்பாற்றியிருக்கிறேன். ஆனால் பார்த்தவர் பார்த்தது எதை? வேறு மாதிரி வாதாடியிருக்கலாமோ என்று பாத்திரம் கழுவும்போதுகூட மனம் ஓடுகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் கறுப்புக் கோட்டைக் கழற்றலாமா, என் மகன் முதலில் பார்த்துவிடட்டுமா என்று வாசலில் தயங்குகிறேன்.

இப்போது மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நீதிமன்றத்துக் குழந்தைகள் அறையில் அக்கா பிள்ளையைப் பார்க்க இரண்டு மணி நேரம். அக்கா வேலை உடுப்போடே வருகிறார். குழந்தைக்கு அதுவும் மறந்துவிட்டது. போன முறை நானும் இருந்தேன். நேரம் முடியுமுன்பே குழந்தை எழுந்து, தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டு கதவருகே போய் நின்றது. அடம் இல்லை, அழுகை இல்லை. “வார் லூசா கீது பாரு” என்று அக்கா குனிந்தார். சரியாகத்தான் இருந்தது. அதை அவிழ்த்து, மெதுவாக, மறுபடி மாட்டினார். பிறகு அடுத்த காலின் வாரையும் அவிழ்த்தார்.