நாலு கிழமைக்குள் மூடும் குழாய்

உயர்தர வகுப்பில் கருவின் மேற்படலத்து உயிரணுக்களான மேலணிக் கலங்களைப் படிப்பிப்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கரும்பலகையில் பெட்டி பெட்டியாகக் கலங்களை வரிசையில் வரைவேன். ஒவ்வொரு கலமும் தன் மேல்முனையைச் சுருக்குப்பையின் வாயைப் போல இறுக்கிக்கொள்ளும். பருமன் பெரிதாக மாறாது, வடிவம்தான் மாறும். அவ்வளவில் தட்டையான படலம் மடிந்து, ஓரங்கள் பொருந்தி, நரம்புக்குழாய் ஆகிவிடும். பிறகு அதுதான் மூளை, முதுகெலும்புக்குள் ஓடும் முண்ணாண். “கருத்தரித்து நாலு கிழமைக்குள், மாதம் ஒன்று ஆகுமுன்னே, எல்லாம் முடிந்துவிடும், தாய்க்கே தெரியாது” என்று சொல்லி, பிள்ளைகள் வாய் பிளப்பதை ரசிப்பேன்.

தங்கச்சிக்குக் கலியாணமாகிப் பத்து நாள் இருக்கும். அரியாலையில் எங்கள் வீட்டோடுதான் மாப்பிள்ளையும் இருந்தார். இருவரும் விருந்துக்குப் போயிருந்த நேரம், எங்கள் பகுதிக் குடும்பநல மருத்துவமாது படலையில் வந்து நின்றார்.

“ரீச்சர், புதுப்பொம்பிளையிட்டை இந்த ஃபோலிக் அமிலக் குளிசையைக் குடுங்கோ. பிள்ளை தங்க முதலே போட வேணும். உங்களுக்கு நான் உதெல்லாம் சொல்லத் தேவையில்லை.”

உண்மைதான். அந்தக் குழாய் சரியாக மூட அது உதவும் என்று நானே படிப்பிக்கிறவள். ஆனால் புதுப்பெண் குளிசை போடுவது மாப்பிள்ளை வீட்டாரின் காதில் விழுந்தால், நோயுள்ள வருத்தக்காரியைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் கதைப்பார்களே! ஒரு மாதம் போகட்டும் என்று அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். படித்த முட்டாள். அந்த மாதமே அவளுக்குப் பிள்ளை தங்கிவிட்டது. குளிசையைக் கொடுத்தேனா என்று கேட்டிருக்கக்கூடிய அந்த மருத்துவமாதும் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார்.

தங்கச்சியின் மகள், என் பெறாமகள், பிறந்தபோது முதுகின் அடியில் குழாய் மூடாமல் இருந்தது. சத்திரசிகிச்சை செய்தார்கள். இப்போது ஐந்து வயது. நல்ல வாய்க்காரி, கால்கள்தான் ஊன்றவில்லை. குளிசை போட்டாலும் சிலருக்கு இப்படி வரும் என்று வைத்தியர் பொதுவாகச் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு மனதைத் தேற்றப் பார்த்தேன், தேறவில்லை.

போன கிழமை பிள்ளையின் கால்களுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே தங்கச்சி கேட்டாள்:

“அக்கா, இது ஏன் இப்பிடி வந்தது? நீ படிச்சனிதானே.”

கலங்கள் சுருங்குவதை, படலம் மடிவதை, ஓரங்கள் பொருந்தாமல் போவதை எல்லாம் விளக்கினேன். வகுப்பில்கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

“அப்ப நான் பிழையா ஒண்டும் செய்யேல்லை, என்ன?”

“இல்லையடி. நீ ஒண்டும் செய்யேல்லை.”

“அஞ்சு வருசமா என்ரை பிழையெண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான்” என்றாள்.

சேலைகளுக்கு அடியில் வைத்த குளிசையைப் பற்றி அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். எண்ணெய்ப் போத்தலை எடுத்துவைக்க எழுந்துவிட்டேன்.