விழாத கட்டடமும் ஜெபமணி அக்காவும்

நான் இப்போது வேலை பார்க்கும் விடுதியின் பெண்களைக் காலை ஷிஃப்ட் பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது முத்துலட்சுமி போன் செய்தாள். முன்பு எங்களிடம் தங்கியிருந்த பெண். "ஜெபமணி அக்கா போயிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தாங்க, அவ்வளவுதான்க்கா," என்றாள். மழை பெய்துகொண்டிருந்தது. அழுகை வருவதற்கு முன்பே எனக்கு அந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வந்தது. அவரை அறிந்த உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வல்லம் வடகாலில் ஒரு மூன்று மாடிப் பெண்கள் விடுதியில் அவரும் நானும் வார்டன்கள். அவர் தூத்துக்குடிப் பக்கம். கணவர் இறந்தபின் வேலை தேடி வந்தவர். நான் இதே ஊர்க்காரி. ஞாயிறு மாலைகளில் சாப்பாட்டு அறையில் வேதக் கதை சொல்வார். கோயிலுக்குப் போகிற எங்களைப் போன்றவர்களும் உட்கார்ந்து கேட்போம். அவர் யாரையும் மாறச் சொன்னதில்லை. யோசுவாவைப் பற்றி ஒருமுறை சொன்னார்: "பயப்படாத, பயப்படாதன்னு ஆண்டவர் அவன்கிட்ட திரும்பத் திரும்பச் சொல்லுதாரு. அப்படின்னா அவன் பயந்துக்கிட்டேதான இருந்திருக்கான்?" எதிரிக்குப் பயந்து ஒளிந்து கோதுமை அடித்துக்கொண்டிருந்த கிதியோனைத்தான் தேவதூதன் வீரனே என்று கூப்பிட்டான் என்பார். பெண்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் சமையலறைச் சுவரில் விரிசல் விட்டது. உரிமையாளர் ஆள் வைத்துச் சிமெண்ட் பூசினார். பூச்சும் விரிந்தது. பிறகு கீழ்த்தளக் கதவுகள் சாத்த வரவில்லை. அக்கா விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பாதி விரல் உள்ளே போயிற்று.

"முன்னால இது என்ன இடம் சுமதி?"

"குட்டைக்கா. லாரி லாரியா மண்ணு கொட்டி மூடினாங்க."

அவர் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

பெண்கள் வேலை பார்க்கும் கம்பெனியில் சொன்னோம். விடுதி விஷயத்தை உரிமையாளரிடம் பேசிக்கொள்ளுங்கள் என்றார்கள். அவர் எனக்கு மாமா முறை. ஊரில் அவரை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. பெண்களை வேறிடத்துக்கு மாற்றச் சொல்லிக் கேட்க இருவரும் அவர் வீட்டுக்கு நடந்தோம்.

"பயமா இல்லியாக்கா?" என்றேன்.

"இருக்கத்தான் செய்யுது. மோசே ஒண்ணுதான் கேட்டாரு. உம்ம தயவு எனக்குக் கெடச்சது நெசம்னா நீரும் கூட வரணும், இல்லன்னா எங்கள அனுப்பாதேயும்னு. நானும் அதத்தான் கேட்டுக்கிட்டே வாரேன்."

மாமா நாற்காலியை விட்டு எழவில்லை. "இன்னாம்மா, நீ பைபிள் படிச்சியா, இன்ஜினியருக்குப் படிச்சியா? பில்டிங் ஸ்ட்ராங்கா கீது. பொண்ணுங்கள கெளப்பி வுட்டா நல்லாருக்காது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சிங்கப்பெருமாள் கோவில் ரயில்வே ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோவுல தனியாத்தானே போற?"

"தனியாப் போகல அண்ணாச்சி," என்றார் அக்கா.

வெளியே வந்ததும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்க அவரால் முடியவில்லை. நான் திறந்து கொடுத்தேன்.

மறுநாள் பெண்களைக் கூட்டி உள்ளதை உள்ளபடி சொன்னார். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை அறைகள் பிடித்து, ஒரு டெம்போவில் பெட்டிகளை ஏற்றி அனுப்பினோம். எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று.

கட்டடம் விழவில்லை. அந்த மழைக்கும் விழவில்லை, அடுத்த மழைக்கும் விழவில்லை. புது அறைகளில் தண்ணீர் சரியாக வராது. பஸ்ஸுக்கு வெகுதூரம் நடக்க வேண்டும். "அக்கா சும்மா பயங்காட்டிட்டாங்க," என்று முத்துலட்சுமியே சொன்னாள். அது அக்கா காதுக்கும் எட்டியது. "விழலன்னா சந்தோசம்தான," என்றார். ஆனால் ஒருநாள் சர்ச் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவர் கூட வந்தாரா, இல்ல நாந்தான் அவரு பேரச் சொல்லிக்கிட்டு முந்திப் போயிட்டேனான்னு தெரியல சுமதி," என்றார். அது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

மாமா கட்டடத்துக்குப் புதுப் பெயிண்ட் அடித்தார். வடக்கிலிருந்து வந்த இளைஞர்களுக்கு அறைகளை வாடகைக்கு விட்டார். மழை தொடங்கினால் அக்கா அங்கே போய்விடுவார். அரைகுறை இந்தியில் விரிசலைக் காட்டிப் பேசுவார். சிலர் டீ கொடுத்து அனுப்புவார்கள், சிலர் துரத்துவார்கள். போன மாதம் போய் வந்தபோது, "ஸ்டேஷன் வரைக்கும் ஆட்டோ பின்னாலயே ஒரு பைக் வந்துச்சு," என்றார். யாரென்று கேட்டேன். "திரும்பிப் பாக்கல. ஜெபிச்சுக்கிட்டே வந்தேன்."

அவரை அடக்கம் செய்த மறுநாள் நான் அந்தக் கட்டடத்துக்குப் போனேன். கீழ்த்தளத்து அறையில் தரை நடுவே உப்பியிருந்தது. அதன்மேல் பாய் விரித்திருந்தார்கள். எனக்கு இந்தி வராது. தரையையும் சுவரையும் காட்டி, பையை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள் என்று கையால் சொன்னேன். ஒருவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரிந்திருந்தது. அவரும் அவர் தம்பியும் பைகளோடு என்னுடன் வந்தார்கள். தெருமுனை தாண்டுவதற்குள் மாமா போன் செய்தார். "இன்னா சுமதி, நீயுமா?" என்றார். "ஆமா மாமா," என்றேன். அவர் வேறெதுவும் சொல்லாமல் வைத்துவிட்டார். கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அக்காவின் ஆண்டவர் எனக்கும் தயவு காட்டுவாரா என்று தெரியாது. கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. பயம் தெளிந்த பிறகு போகலாம் என்று காத்திருக்காத அவருடைய வழக்கத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். நாளைக்கும் போக வேண்டும். வந்தது இரண்டு பேர்தான். மற்றவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்.