வளையலுக்கு ஒரு மைனஸ்

கட்டின பெண்டாட்டி கேரம் ஆட்டத்தில் தோற்கவேண்டும் என்று சிதம்பரம் கோயிலில் சூடம் ஏற்றி வேண்டிக்கொண்ட அசடு, எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. கடலூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வேலையில் எப்படியோ, எங்கள் ஊழியர் மன்றத்தில் மூன்று வருஷமாக நான்தான் கேரம் சாம்பியன். கல்யாணமான புதிதில், பொழுது போகட்டுமே என்று மனைவிக்கும் ஆடக் கற்றுக்கொடுத்தேன். ஆறே மாதத்தில் என்னைத் தோற்கடித்தாள். கண்ணில் பவுடர் விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். தினமுமா விழும்?

ஊழியர் குடும்பத்துப் பெண்களுக்கான போட்டிகளில் ஆடத் தொடங்கினாள். போன இடமெல்லாம் ஜெயம். என் கோப்பைகள் அலமாரியின் பின்வரிசைக்குப் போயின. "இன்னா சார், வூட்ல ரெட்டு போடுறது நீங்களா, அவுங்களா?" என்று பக்கத்து மேஜைக்காரர் தினமும் கேட்பார். சிரித்து வைப்பேன். வயிறு மட்டும் தனியாக எரியும்.

இறுதி ஆட்டம் சிதம்பரத்தில், ஒரு பள்ளிக்கூடக் கூடத்தில் நடந்தது. ஜெயித்தால் மெட்ராஸ் போட்டிக்குப் போகலாம். அதற்கென்று ஒரு மாதமாக, சமையல் முடிந்ததும் பலகையே கதியென்று கிடந்தாள். எதிரே உள்ளூர் டீச்சர் ஒருவர். நடுவர் வரவேண்டிய பஸ் சேத்தியாத்தோப்பிலேயே பழுதாகி நின்றுவிட்டதாம். அப்போது டீச்சரின் வீட்டுக்காரரே என்னைக் காட்டி, "சாரே பாக்கட்டும். பொண்டாட்டிக்காக ஓரவஞ்சன பண்ணமாட்டாரு" என்றார். பாவம், எந்தப் பக்கம் வஞ்சனை இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

கடைசி ஆட்டம். என் மனைவி சிவப்புக் காயான ரெட்டைப் போட்டாள். அதை உறுதிசெய்யும் ஃபாலோவுக்கு அவளுடைய கடைசிக் காய் ஒன்றுதான் பாக்கி. கூட்டம் முன்கூட்டியே கைதட்டத் தொடங்கியது. எனக்கு இதுவரை யாராவது இப்படித் தட்டியிருக்கிறார்களா என்று கூட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தேன். காய் குழியில் விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிய வேகத்தில், "வளையல் காய் மேல பட்டுது, மைனஸ்" என்று என் வாய் சொல்லிவிட்டது.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள். ரெட்டையும் காயையும் எடுத்து நடுவில் வைத்தாள். அபராதமாக இன்னொரு காயையும் வைத்தாள். அடுத்த கையில் டீச்சர் மிச்சத்தை எல்லாம் போட்டு முடித்துவிட்டார்.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. சொந்த மனைவி என்றும் பாராத நியாயவான் என்று எனக்கு மாலை போட்டார்கள். நான் ஆசைப்பட்ட அதே கைதட்டல் கிடைத்தது. கழுத்தில் சாமந்தி அரித்தது.

திரும்பி வரும் பாசஞ்சரில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பரங்கிப்பேட்டை தாண்டியதும் எனக்குத் தாங்கவில்லை. நான் எதையும் பார்க்கவில்லை, பொறாமையில் புளுகிவிட்டேன், நாளைக்கே எழுதிப்போட்டு மறுஆட்டம் கேட்கிறேன் என்று உளறிக் கொட்டினேன்.

அவள் அதன்பிறகு எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. இன்றைக்கும் யாராவது என்னை நேர்மையானவன் என்று சொன்னால், அந்தப் பட்டம் யாருக்குச் சேரவேண்டியது என்பது எனக்குத் தெரியும். அன்று ரயிலில், முகத்தைக்கூடத் திருப்பாமல் அவள் சொன்னது இவ்வளவுதான்:

"பட்டுச்சுங்க, நானே சொல்ல வாயெடுத்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க."