கரண்ட் போன நேரத்துப் பாட்டு

உத்தனப்பள்ளி ரோட்டில் பாறையும் முள்ளுமாகக் கிடந்த இடத்தில் ஷெட் போட்டவன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் லேத் ஓட்டுவானா என்று சிரித்தவர்கள் கண்ணெதிரே நாலு லேத் ஓட்டியவன் நான். தண்ணீரே வராது என்ற பூமியில் போர் போட்டுத் தண்ணீர் பார்த்தவன் நான். பாகலூரிலிருந்து அஞ்செட்டி வரை டீக்கடைக்கு டீக்கடை பாடிய அந்தக் கேசட் இருக்கிறதே, அதையும் உருவாக்கியவன் நான்தான். முதல் மூன்றையும் ஊர் ஒப்புக்கொள்கிறது. நாலாவதில்தான் தகராறு.

அந்தக் கேசட்டில் வாசித்த குழுவில் ஐந்து பேர், எல்லாரும் ஃபேக்டரி ஆட்கள். மாண்டலின், வயலின், புல்புல்தாரா, டோலக், பாடுவதற்கு ஒருவர். மலைப் பக்கத்துப் பாட்டுகளைத் தமிழ், கன்னடம், தெலுங்கு என்று கலந்து கட்டுவார்கள். பெங்களூர் ஸ்டூடியோவில் ஆளுக்கொரு கண்ணாடி அறையில் உட்கார வைத்துவிட்டார்களாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இவர்களுக்கு வாசிக்க வராது. திரும்பி வந்துவிட்டார்கள்.

"என் ஷெட்டுக்கு வாங்கப்பா. ஒரே மைக்கைச் சுத்தி நின்னு வாசிங்க" என்றேன்.

பெங்களூரிலிருந்து மெஷினோடு ஒரு ஒலிப்பதிவுக்காரரும் வந்தார். சுவரெல்லாம் சாக்கு கட்டினேன். என் லேத்களை நிறுத்தினேன். அக்கம்பக்கத்துப் பட்டறைகளை நிறுத்த நான் என்ன கலெக்டரா? பக்கத்தில் தகடு அடிக்கிறான், எதிரில் இரும்பு அறுக்கிறான். ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "இதுல பாட்டு எங்க சார் இருக்கு?" என்றார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. தினமும் மத்தியானம் கரண்ட் போகும். போனால் அந்தப் பகுதியே ஊமை. என் டெம்போ பேட்டரியைக் கழற்றி அவர் மெஷினுக்குக் கொடுத்தேன். ஊரே கரண்ட் எப்போது வரும் என்று காத்திருக்கும். நாங்கள் எப்போது போகும் என்று பல்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பல்பு அணைந்ததும் மாண்டலின்காரர் கைதட்டினார், பாருங்கள்!

இப்படியே ஒவ்வொரு பாட்டாக முடிந்தது. கடைசிப் பாட்டில் வயலின் உச்சிக்குப் போகிற நேரம் கரண்ட் வந்துவிட்டது. யாரோ சுவிட்சை அணைக்காமல் விட்ட என் கம்ப்ரசர் தடதடவென்று ஓட ஆரம்பித்தது. என்னிடம் வேலைக்கு மூன்று பேர்: ஒருவன் தமிழ், ஒருவன் கன்னடம், ஒருவன் தெலுங்கு. எவன் சுவிட்ச் பக்கம் நிற்கிறான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தொண்டை கிழியக் கத்தினேன்:

"நிறுத்துடா! நில்ஸோ! ஆப்ரா!"

கம்ப்ரசர் நின்றது. வாசித்தவர்களும் மிரண்டு நின்றுவிட்டார்கள். ஒரு மூச்சு நேரம் சத்தமே இல்லை. பிறகு மாண்டலின் மட்டும் மெதுவாகக் கிளம்பியது, மற்றவை சேர்ந்துகொண்டன. பக்கத்துப் பட்டறை ஆட்கள் டீக்கடையிலிருந்து திரும்புவதற்குள் பாட்டு முடிந்தது. அதோடு டேப்பும் தீர்ந்தது. மறுபடி பதிய வழியில்லை; என் கத்தலோடு அப்படியே கேசட்டில் வந்துவிட்டது.

ஜனங்களுக்குப் பிடித்தது எது தெரியுமா? அந்த இடம்தான். பஸ்ஸில் அந்தப் பாட்டு வந்தால் டிரைவர் முதல் கடைசி சீட் வரை சேர்ந்து கத்துவார்கள். பெங்களூரில் ஒரு வித்துவான், "என்ன கற்பனை!" என்று மாண்டலின்காரரின் கையைப் பிடித்துப் பாராட்டினாராம். அந்த ஆளும் வாயை மூடிக்கொண்டு வாங்கி வந்திருக்கிறார்!

கேசட் அட்டையைப் பார்த்தேன். டீ கொண்டுவந்தவருக்குக்கூட நன்றி இருந்தது. எனக்கு இல்லை. மாண்டலின்காரரைப் பிடித்தேன்.

"ஏம்ப்பா, என் பேரு எங்க?"

"உங்களுக்கு என்னான்னு போடறதுண்ணா? பாடினீங்களா, வாசிச்சீங்களா?"

"கத்தனேன்யா!"

"கத்தனதுக்கெல்லாம் பேரு போட்டா, எங்க வூட்டுக்காரிக்குத் தனி கேசட்டே போடணுங்ண்ணா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

இப்போது புது அட்டையோடு மறுபடி போடப்போகிறார்கள் என்று கேள்வி. அதனால் எழுத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஷெட்டுக்கு நன்றி வேண்டாம், பேட்டரிக்கும் வேண்டாம். 'குரல்' என்று போடுகிற இடத்தில், பாடியவருக்கு அடுத்தபடி என் பெயர் வர வேண்டும். கத்தியது மூன்று பாஷையில். பெயரையும் மூன்று பாஷை எழுத்திலும் போடுங்கள்.