எட்டாவது ஷரத்தும் என் கல்யாணமும்

கல்லூரி வாத்தியார் வேலை என்றால் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பேசிவிட்டு மிச்ச நேரம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. அதை நம்பித்தான் நானும் மனுப் போட்டேன்.

என்னைப்போல மாட்டிக்கொண்டு முழிக்கும் டியூட்டர்களே, டெமான்ஸ்டிரேட்டர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆன சமயம். செங்கற்பட்டில் புதிதாக ஆரம்பித்த ஒரு கல்லூரியில் நான் கணக்கு டியூட்டர். இரண்டு வருஷம் தற்காலிகம். அப்புறம் பிரின்ஸிபால் திருப்தி என்று எழுதினால்தான் நிரந்தரம்.

மதுராந்தகத்தில் கோமதி என்ற பெண்ணை எனக்குப் பேசி வைத்திருந்தார்கள். அவள் அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட்கிளார்க். "நிரந்தர ஆர்டர் கைக்கு வரட்டும், மறுநாளே முகூர்த்தம் பார்த்துடலாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். பெண் பார்க்கப் போன அன்று கோமதி காபி டம்ளரை வைத்துவிட்டு, "கணக்குல நான் ரொம்ப வீக்" என்று வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் ஓட்டினேன் என்றால் நம்புவீர்களா?

எருமை

என் நியமன உத்தரவில் எட்டு ஷரத்துகள். முதலாவது, இண்டர்மீடியட் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் நடத்தவேண்டும். ஏழு வரைக்கும் நியாயமாகத்தான் இருந்தது. எட்டாவது, பிரின்ஸிபால் அவ்வப்போது சொல்லும் மற்ற வேலைகளையும் செய்யவேண்டும். அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். அந்த அசட்டுத்தனத்துக்கு வேறு யாரையும் நோக முடியாது.

முதல் நாள், முதல் வகுப்பு. கரும்பலகையில் பாதி வரி எழுதியிருப்பேன், பியூன் முனுசாமி வாசலில் வந்து நின்றான். பிரின்ஸிபால் கூப்பிடுகிறாராம். அவர் அதட்டிப் பேசவே தெரியாத மனிதர். "மிஸ்டர் சபாபதி, ஒரு சின்ன வேலை" என்று குழைவாக ஆரம்பித்தார். கால்பந்து மைதானத்தில் ஆறு எருமைகள் மேய்கின்றன, கொஞ்சம் பார்க்கவேண்டும். பார்த்தேன். ஐந்து போய்விட்டன. ஆறாவது என்னை முறைத்துக்கொண்டு கோல் கம்பத்தில் முதுகைச் சொறிந்துகொண்டிருந்தது. புது வேட்டியில் சாணியோடு நான் திரும்பி வந்தபோது மணி அடித்துவிட்டது. முனுசாமி ஆறுதலாகச் சொன்னான்: "போன வருசம் இருந்த கணக்கு சாரும் இத்தத்தான் ஓட்டிகினு இருந்தாரு. போவப் போவ பழகிடும் சார்."

நாரை

மார்கழியில் பட்டணத்திலிருந்து பல்கலைக்கழகப் பெரியவர் ஒருவர் வேடந்தாங்கலுக்குக் குடும்பத்தோடு பறவை பார்க்க வந்தார். கூடப் போய் விளக்கும் பொறுப்பு எனக்கு. "சார், நான் கணக்கு. விலங்கியல் லெக்சரர் இருக்கிறாரே" என்றேன். "அவருக்கு வகுப்பு இருக்கிறதே, மிஸ்டர் சபாபதி" என்றார் பிரின்ஸிபால். எனக்கு மட்டும் என்ன, திருவிழாவா? நாக்கு நுனி வரை வந்தது. கோமதி ஞாபகம் வந்து முழுங்கிவிட்டேன்.

ஏரிக்கரையில் நின்றோம். மரம் தெரியாமல் பறவைகள். மோவாய்க்குக் கீழே பை தொங்குகிற ஒன்றைக் காட்டிப் பெரியவரின் மனைவி பெயர் கேட்டார். "அது ஒரு வகை நாரை" என்றேன். கறுப்பாக ஒன்று இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்தது. "இது வேறு வகை நாரை." பெரியவர் சின்னக் குறிப்புப் புத்தகத்தை எடுத்து மரியாதையாக எழுதிக்கொண்டார். எனக்கு வேர்த்துவிட்டது. பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. அரிவாளோடு நிமிர்ந்தாள்: "இன்னாய்யா, வாய்க்கு வந்தத சொல்லிகினு கீற? அது கூழக்கடா, இது நீர்க்காக்கா. நீ இன்னா வாத்தியாரு?"

ரசம்

ஹாஸ்டல் வார்டன் லீவில் போனார். அவர் திரும்பி வரவே இல்லை, அந்த வேலை என் தலையில் விழுந்தது. காலை பதினோரு மணிக்கு, அதாவது சரியாக என் வகுப்பு நேரத்தில், சமையலறைக்குப் போய் ருசி பார்த்து நோட்டில் எழுதவேண்டும். ரசத்தில் தண்ணீர் ஜாஸ்தி என்று பையன்கள் எழுதிக் கொடுத்த புகார்களுக்கு நான்தான் பதில் சொல்லவேண்டும்.

ஆறு மாதம் தினம் ரசம் குடித்தேன். கடைசியில் உப்புக்கும் புளிக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. ஒருநாள், "பேஷ்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சமையல்காரர் நோட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்: "சார், அது ரசம் இல்ல. நான் கை அலம்ப வெச்ச தண்ணி."

நாற்பத்தொன்று

மாசி மாதம் மகாபலிபுரத்துக்கு எக்ஸ்கர்ஷன். சரித்திர வகுப்புப் பையன்கள் நாற்பத்தொரு பேர். கூட்டிப்போக வேண்டியது யார்? கேட்கவே வேண்டாம். "எண்ணிக்கை முக்கியம், அதனால்தான் கணக்குக்காரரை அனுப்புகிறேன்" என்றார் பிரின்ஸிபால். சாயங்காலம் பஸ்ஸில் எல்லோரும் ஏறியதும் முன்னாலிருந்து ஒரு தரம், பின்னாலிருந்து ஒரு தரம், தலை தலையாகத் தொட்டு எண்ணினேன். நாற்பத்தொன்று. போகலாம், ரைட்!

திருக்கழுக்குன்றம் வந்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு தலை எழுந்தது. கையில் சங்கும் பாசிமணியும் நிறைந்த கூடை. "வண்டி சும்மாதான போவுதுன்னு ஏறி குந்திக்கினேன் சார், இங்க எறங்கிக்கிறேன்" என்று கும்பிடு போட்டுவிட்டு இறங்கிப் போனான். மறுபடி எண்ணினேன். நாற்பது. இப்ராஹிம் இல்லை. மகாபலிபுரத்துக்குத் தெற்கே கடலோரம் சதுரங்கப்பட்டினத்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் காதர் பாயின் மகன், பேசவே கூச்சப்படுகிற பிள்ளை.

பஸ்ஸைத் திருப்பினோம். கடற்கரைக் கோயில், ரதங்கள், குன்று, ஒரு இடம் விடவில்லை. மீன்பிடிக்கிறவர்களிடம் விசாரித்தேன். யாரும் பார்க்கவில்லை. அலை வந்து வந்து போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அந்த நேரத்தில் நிரந்தரமும் ஞாபகம் இல்லை, கோமதியும் ஞாபகம் இல்லை. அந்தப் பையனின் அப்பாவுக்கு என்ன பதில் சொல்லப்போகிறேன் என்பது ஒன்றுதான். போலீஸில் எழுதி வைத்துவிட்டு ஊர் திரும்பினோம்.

மறுநாள் முதல் பஸ்ஸில் காதர் பாயே வந்தார், பையனைக் கையில் பிடித்துக்கொண்டு. கடலைப் பார்த்ததும் வீட்டு ஞாபகம் வந்து, தெரிந்தவர் சைக்கிளில் தொற்றிக்கொண்டு போய்விட்டானாம். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை, அழுகைதான் வந்தது. பாய் அவனை என் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்: "இந்தாங்க சார், ஒண்ணு. நல்லா எண்ணிப் பாத்து எடுத்துக்குங்க."

இன்ஸ்பெக்‌ஷன்

இரண்டாம் வருஷக் கடைசியில் பல்கலைக்கழகக் கமிஷன் பார்வையிட வந்தது. பந்தல் நான், மாலை நான், எலுமிச்சம்பழம் நான், பெரியவர்களுக்கு மத்தியானச் சாப்பாடும் நான். கமிஷன் தலைவர் காரிலிருந்து இறங்கியதும் எனக்குத் திக்கென்றது. வேடந்தாங்கல் பெரியவர். "நாரை சார், சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

அவர் முதலில் கேட்டது கணக்கு வகுப்பின் பாடப் பதிவேடு. பக்கத்துக்குப் பக்கம் வெறுமை. நான் எருமை ஓட்டின நாள், ரசம் குடித்த நாள், பையனைத் தேடின நாள், எல்லாம் சுத்த வெள்ளையாக இருந்தன. வைகாசியில் உத்தரவு வந்தது. பாடம் நடத்துவதில் போதிய கவனம் இல்லாததால் தற்காலிகம் இன்னும் ஒரு வருஷம் நீட்டிக்கப்படுகிறது.

அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிரின்ஸிபால் அறையில் குரலை உயர்த்தினேன். "வகுப்பிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பியதே நீங்கள்தானே சார்! கல்யாணம் நிற்கிறது சார்!" என்று கத்தினேன். முனுசாமி ஜன்னல் பக்கம் வந்து நின்றுகொண்டான். பிரின்ஸிபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கு நிஜமாகவே வருத்தம். "மிஸ்டர் சபாபதி, எட்டாவது ஷரத்தைச் செய்யச் சொன்னேன், வாஸ்தவம். முதலாவதை விட்டுவிடச் சொன்னேனா?"

மதுராந்தகம்

ஒளித்து வைக்க மனசு வரவில்லை. உத்தரவை எடுத்துக்கொண்டு நேரே மதுராந்தகம் போனேன். கூடவே பிரின்ஸிபால் எழுதிய குறிப்பும் இருந்தது. முதல் ஷரத்தான பாடம் நீங்கலாக, எட்டாவது ஷரத்தின்படி நான் செய்த வேலைகள் அத்தனையையும் மனிதர் ஒன்றுவிடாமல் புகழ்ந்து எழுதியிருந்தார். ஹெட்கிளார்க் இரண்டையும் ஆபீஸ் ஃபைல் படிப்பதுபோல் விரல் வைத்துப் படித்தார். கோமதி கதவுக்குப் பின்னால் நிற்பது வளையல் சத்தத்தில் தெரிந்தது. "வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நானே சொல்லிவிடத் தொண்டையைச் செருமினேன்.

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "இப்படி உழைக்கிற ஆளை எவன் வெளியே அனுப்புவான்? நானே ஒன்பது வருஷம் டெம்பரரியா இருந்தவன்தான்" என்றார். எனக்குக் காது சரியாகத்தான் கேட்கிறதா என்று சந்தேகம். அவர் குறிப்பை மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்: "ஆவணியிலயே வெச்சுக்கலாம். எனக்கு ஆம்பளப் புள்ள கிடையாது; பந்தல், பந்தி, பஸ்ஸு எல்லாத்தையும் நீங்களே பார்த்துக்குங்க, மாப்பிள்ளை."

முகூர்த்தம்

பார்த்துக்கொண்டேன். செங்கற்பட்டிலிருந்து வந்த பஸ்ஸில் தலைகளை எண்ணினேன். காதர் பாய் இறங்கும்போது, "நாங்க ரெண்டு பேரு சார், நானும் மவனும்" என்று தாமாகவே ஒப்பித்தார். கொட்டகைக்குள் நுழைந்த மாட்டை விரட்டினேன். ஆறாவது எருமையோடு பழகினவனுக்கு அது ஒரு பொருட்டில்லை. பிரின்ஸிபாலை முன்வரிசையில் உட்கார்த்தி வைத்தேன்.

"மாப்பிள்ளை எங்கே, மாப்பிள்ளை எங்கே" என்று ஊரே கத்தியபோது, சமையல்கட்டில் கரண்டியும் கையுமாக ரசம் ருசி பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்துக்கொண்டு வந்து மணையில் தள்ளினார்கள். நாதஸ்வரக்காரர் கோபத்தில் இருந்தார், ஐயர் அவரைவிடக் கோபத்தில் இருந்தார். கோமதி தலை நிமிரவில்லை. அப்பா பத்திரப்படுத்திய குறிப்பை அவளும் படித்திருக்கிறாள் போலிருக்கிறது. வேறு யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "முதல் ஷரத்து இங்கதான் இருக்கு. எழுந்து போயிடாதீங்க."

மறு வருஷம் நிரந்தர உத்தரவு வந்து கல்லூரியில் எட்டாவது ஷரத்து என்னைவிட்டு இன்னொரு புது டியூட்டருக்குப் போய்விட்டது. வீட்டில் மட்டும் எட்டு ஷரத்துமே எட்டாவது ஷரத்தாகத்தான் நடந்துகொண்டிருக்கிறது.