நோலீன் காத்த புல்தரை

நோலீன் டிப்பெட் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்ற மறுவாரமே, பந்து உருட்டி ஆடும் எங்கள் பௌல்ஸ் கிளப்பின் புல்தரையைப் பராமரிக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சம்பளம் கிடையாது. டாஸ்மேனியாவிலேயே நல்ல தரை எங்களுடையதுதான் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ஒரு கோடையில் புல்லைப் புழு அரித்துவிட்டது. ஏப்ரலில் ஆட்டங்கள் முடிந்ததும் புதுவிதை தூவினாள். அந்தச் சனிக்கிழமை உறுப்பினர்கள் எல்லோரும் உதவிக்கு வந்துவிட்டோம். ஆளாளுக்குத் தண்ணீர் விட்டோம். ஜூனில் எங்கள் ஊர்க் குளிர் தொடங்கியபோது பள்ளங்களில் புல் அடர்ந்து நின்றது. மேடுகள் மொட்டை.

"இது புல்லா நோல்ஸ், இல்ல நாய்க்குச் சொறி புடிச்சிருக்கா?" என்றார் கிளப் தலைவர் டெஸ்.

"உங்க எல்லாருக்கும் ஒரு கையில பீரு, ஒரு கையில குழாய். விதையெல்லாம் பள்ளத்துக்கு ஓடிருச்சு. நீதான் ரொம்ப நேரம் நின்ன."

"அக்டோபர் முதல் ஆட்டத்துக்குள்ள சரியாகலைன்னா பிளாஸ்டிக் தரைதான். கமிட்டி முடிவு."

"பிளாஸ்டிக்ல உருட்டணும்னா உன் குளியலறையில உருட்டு."

தண்ணீர்க் குழாய்க்குப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னொரு மூட்டை விதை வாங்கட்டுமா?" என்று கேட்டேன்.

"அதுவும் பள்ளத்துக்குத்தான் போகும். முதல்ல தரை சமமாகணும்."

பள்ளத்துப் புல்லை வேரோடு மூடிபோலத் தூக்கினாள். மேட்டைச் சுரண்டிய மண்ணை அடியில் போட்டு மூடினாள். அடர்ந்த இடங்களில் தகர டப்பாவை அழுத்திக் கொத்துகளைப் பெயர்த்து மொட்டைகளில் நட்டாள். மெல்லிசாக மணல் தூவி, பழைய கம்பிவலைக் கட்டிலைக் கவிழ்த்துக் கயிறு கட்டி இழுத்தாள். குளிர் முழுக்க இதேதான். யாரையும் உள்ளே விடவில்லை.

அக்டோபரில் வெள்ளை உடுப்போடு வந்த டெஸ், மண்டியிட்டுக் கன்னத்தைத் தரையோடு வைத்துப் பார்த்தார். பிறகு உருட்டினார். ஒருபக்கம் கனத்த அந்தப் பந்து, வளைய வேண்டியபடி அகலமாக வளைந்து, எங்கும் துள்ளாமல், குறியாக வைத்த சின்ன வெள்ளைப் பந்தை ஒட்டி நின்றது.

"பாத்தீங்களா என் கையை!" என்றார் டெஸ்.

"முப்பது வருஷமா எங்க வச்சிருந்த அந்தக் கையை?" என்றாள் நோலீன்.

எல்லோரும் சிரித்தோம். டெஸ் இன்னொரு பந்தை எடுத்துத் துடைத்தார்.

"சரி நோல்ஸ். பிளாஸ்டிக் வேணாம். குழாய்ச் சாவியைக் கொடு, சாயங்காலம் நானே தண்ணி விடறேன்."

நோலீன் சாவியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டாள்.

"நீ பீர் குடி டெஸ்."