கொடியில் காய்ந்த தபால்தலை

ஒன்றோடொன்று ஒட்டியிருந்த இரண்டைப் பிரித்தபின், இரண்டும் பத்திரமாகக் கையில் இருக்கின்றன என்றால், தொலைந்தது எது? கறையக்காவின் வாழ்க்கையைப் பார்த்தால் இந்தக் கேள்விதான் எழுகிறது. அவள் அதை இப்படிக் கேட்டுக்கொண்டவள் அல்ல. உட்கார்ந்து யோசிக்கும் பழக்கமே அவளுக்குக் கிடையாது. காலில் சக்கரம் கட்டியவள். சாப்பிடும்போதுகூட மறு கையால் மேசையைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

சலவைக் கடையில் கறை எடுப்பது அவள் வேலை. பெயரும் அப்படி வந்ததுதான். மையோ துருவோ எண்ணெயோ, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். கை தானாகவே சரியான புட்டிக்குப் போகும். கைகாரி என்று சொல்லலாம். அதற்குமேல் புகழ வேண்டியதில்லை, அவசரக்காரியும்கூட.

கணவர் பஸ் டெப்போவில் வண்டிகள் புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். எதிரே தபால்தலை ஆல்பம், பக்கத்தில் தலையணை கனத்துக்கு ஒரு கேட்டலாக், எந்தத் தலைக்கு என்ன விலை என்று குறிகளோடு சொல்லும் புத்தகம். ஆல்பத்தை வேறு யாரும் தொடக் கூடாது. “உன் கை சும்மா இருக்காது. எதையாவது தேய்ச்சு வச்சிருவே” என்பார். அவளும் சிரித்துக்கொண்டே போய்விடுவாள். ஆனால் ஆல்பம் இருந்த அலமாரியை மட்டும் மற்றவற்றைவிட அழுத்தித் துடைப்பாள்.

அந்த வருடம் அவருக்குக் கண்புரை எடுத்தார்கள். ஒரு கண்ணில் மூடி, இன்னொன்றில் ஏற்கெனவே பனிமூட்டம். பார்த்து அந்த நேரத்தில்தான் தபால்தலைச் சங்கம் தன் கண்காட்சியில் அவருடைய பழைய தபால் உறை ஒன்றை, ஒட்டிய தலையோடு வைக்க ஒப்புக்கொண்டது. அவர் வெகுகாலமாக ஏங்கிக்கொண்டிருந்த விஷயம். வேறு வழியில்லாமல் ஆல்பத்தையும் கேட்டலாக்கையும் மனைவியின் கையில் கொடுத்தார்.

“கேட்டலாக்ல பச்சைக் கப்பல் படம் போட்ட தலை. எதிர்ல என்னென்ன குறி இருக்கு, பாரு.”

“ஒத்தை நட்சத்திரம், ரெட்டை நட்சத்திரம், ஒரு வட்டம். கடைசியா ஒரு கட்டம், மேல வளைஞ்ச கோடு.”

“அதான்! அந்தக் கடைசிக் குறிதான் உசுரு. அது என்னன்னு தெரியுதுல்ல?”

“ஏங்க தெரியாம? நாள் பூரா அதைத்தானே பாக்குறேன்.”

“பரவாயில்லையே! அப்ப அந்தக் குறிப்படி எடுத்து வச்சிரு.”

நாள் பூரா அவள் பார்ப்பது துணிகளின் உட்புறம் தைத்த சின்னப் பட்டையை. அதில் தொட்டி போட்டிருந்தால் தண்ணீரில் துவை. கட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து ஒரு வளைவு தொங்கினால் கொடியில் காயப்போடு. காயப்போட வேண்டுமென்றால் முதலில் நனைக்க வேண்டாமா? கணவர் தபால்தலைகளைக் கிண்ணத்துத் தண்ணீரில் மிதக்கவிட்டுக் காகிதத்திலிருந்து பிரிப்பதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். இதுவரை யாரும் நம்பித் தராத வேலை. ஆசையாகச் செய்தாள்.

நாத்தனார் வந்தபோது கொடியில் காலுறைகளுக்கு நடுவே, கிளிப்பில் பச்சைக் கப்பல் ஆடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உறை.

“என்ன அண்ணி, கப்பலுக்கும் குளிப்பாட்டலா?” என்று சிரித்துக்கொண்டே கிட்டே போனவள் சிரிப்பை விழுங்கினாள். “ஐயோ, இது அண்ணன் கண்காட்சிக்கு வச்சிருந்ததா?”

“கட்டத்துக்கு மேல வளைஞ்ச கோடு, கொடியில காயப்போடுன்னுதானே குறி போட்டிருக்கு?”

“அந்தக் குறி தபால் உறை அண்ணி! உறையோட இருந்தாதான் மதிப்புன்னு அர்த்தம். உறையை விட்டு வந்துட்டா இது ஊர்ல எல்லார்கிட்டயும் இருக்கிற தலை.”

கறையக்கா கொடியைப் பார்த்தாள். தபால் முத்திரையின் வளையம் பாதி கப்பல் மேல், பாதி உறை மேல். இரண்டிலும் ஒரு சேதமும் இல்லை.

“திரும்ப ஒட்டிடுங்க. அண்ணனுக்குக் கண்ணா தெரியுது?” என்று நாத்தனார் குரலைத் தாழ்த்தினாள்.

அதன்பிறகு கறையக்காவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கடையில் வெள்ளைச் சட்டைக்கு வேறு புட்டியை எடுத்தாள். வீட்டில் துடைத்த இடத்தையே துடைத்தாள். கணவர், “உறை பத்திரமா?” என்று கேட்கும்போதெல்லாம் “உம்” கொட்டிவிட்டுக் குழாயைத் திறந்தாள். யாரும் புரட்டாத கேட்டலாக்கின் முன்பக்கங்களை நின்றுகொண்டே படித்தாள். ஒற்றை நட்சத்திரம் என்றால் புதியதுதான், ஆனால் ஆல்பத்தில் ஒட்டி எடுத்த தடம் உண்டு. இரட்டை என்றால் அந்தத் தடமும் இல்லாதது. வட்டம், முத்திரை விழுந்தது. உறைக் குறியின் கீழே விலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கோடு. ஒன்றும் பெறாது என்றுதான் நினைத்தாள். அப்படி இல்லையாம், பொருள் உண்டு, விலை சொல்லும் அளவுக்கு யாரும் விற்றதில்லை என்று அர்த்தமாம்.

பிரித்து மறுபடி ஒட்டியதற்கு என்ன குறி என்று தேடினாள். அந்தப் புத்தகத்தில் அதற்கு மட்டும் குறி இல்லை.

கடைசியில் சட்டைக் காலருக்குப் போடும் கஞ்சியை நீர்க்கக் கரைத்தாள். முத்திரையின் பாதியோடு பாதி சேரும்படி தலையை வைத்து, மேலே மெல்லிய துணி போட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரிப் பெட்டி போட்டாள். கறைகளையே பார்த்துப் பழகிய அவள் கண்ணுக்கே இணைப்பு தெரியவில்லை. அது அவளை இன்னும் அலைக்கழித்தது.

கண்ணிலிருந்த மூடியை எடுத்து, புதுக் கண்ணாடி வந்த காலையில் அவர் முதலில் கேட்டது உறையை. பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்தார். நாத்தனாரும் வந்திருந்தாள்.

“அப்படியே இருக்கு” என்றார். “கை பட்ட தடமே இல்ல. நான்தான் உன்னை நம்பாமயே இருந்துட்டேன்.”

கல்யாணமானதிலிருந்து அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. நாத்தனாரின் முகம் மலர்ந்து, “பாத்தீங்களா அண்ணி?” என்றது. சங்கத்துக்குக் கிளம்ப அவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார்.

‘கை பட்ட தடமே இல்ல’ என்றது காதிலேயே நிற்க, கறையக்கா சமையலறைக்குப் போய்க் கிண்ணம் நிறைய வெதுவெதுப்பான தண்ணீர் கொண்டுவந்தாள். மேசைமேல் இருந்த உறையை எடுத்து அதில் போட்டாள்.

“ஏய், என்ன பண்றே!”

அவர் பாய்ந்து வருவதற்குள் பச்சைக் கப்பல் உறையை விட்டுத் தனியே மிதந்தது. எவ்வளவு லேசாகப் பிரிந்தது என்பதையும், தண்ணீர் கஞ்சியால் வெளுப்பதையும் அவர் புதுக் கண்ணாடி வழியே பார்த்தார். ஏன் என்று அன்று கேட்டார், பிறகும் கேட்டார்.  தலையை ஒரு கிளிப்பிலும் உறையை ஒரு கிளிப்பிலும் மாட்டிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையும் கையில் இல்லாமல் அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.